செல்விக்குச் சீர் கொடுத்த முறுக்குக் குழல்

என்னைப் பெற்ற மகராசிக்கு,

நீ போன பிறகு வந்த முதல் தீபாவளிக்கு உன் படத்துக்கு முன்னால் கடை முறுக்கைத்தான் வைத்தோம். உனக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

உன் பித்தளை முறுக்குக் குழல் இப்போது இல்லை அம்மா. பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டி உருட்டி மணிக்கட்டு போன உனக்கு, கையால் அழுத்துகிற குழல் ஆகாது என்று அப்பா வாங்கி வந்தாரே, அந்தத் திருகு குழல். உன் காரியம் முடிந்த கையோடு தம்பி பெண்டாட்டி செல்வி அதைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கியிருக்கிறாள். ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

“கறுத்துப்போயி மூலையில கெடந்துச்சு மதினி. இப்பல்லாம் வீட்டுல யாரு முறுக்குச் சுடுறாக?” என்றாள்.

அந்தக் குடத்தை அவள் தலையில் கவிழ்க்காமல் வந்தது உன்னை நினைத்துத்தான்.

சாத்தூர், சிவகாசி, விருதுநகர் என்று பாத்திரக்கடைகளாக ஏறி இறங்கினேன். அந்த மாதிரி செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். இப்போது இதுதான் ஓடுகிறது என்று ஒரு கடைக்காரர் அலுமினியத்தில் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். பாதியில் திருகு மரை சிக்குகிறது. விடாமல் திருகினால் மாவு கீழே இறங்காமல் மேலே பொங்குகிறது. அச்சுத்தட்டு கழன்று எண்ணெயில் விழுந்து என் கை கொப்பளித்ததுதான் மிச்சம். உனக்கு மட்டும் எப்படிப் பிசிறில்லாமல் வந்தது? மாவில் என்ன சேர்ப்பாய்?

ஊரில் எல்லார் வீட்டுக்கும் இலவச டிவி வந்துவிட்டது. தம்பியும் சூலக்கரைப் பக்கம் வீடு கட்டி, போன வாரம் பால் காய்ச்சினான். நாத்தனார் வெறுங்கையோடு போகலாமா? சேலை, பூ, பழத்தோடு அந்த அலுமினியக் குழலையும் தட்டில் வைத்தேன். ‘அத்தை நினைவாகச் செல்விக்கு’ என்று அதே கடையில் திரும்பக் கொடுத்துப் பேர் வெட்டி வாங்கியிருந்தேன். அவள் சொந்தக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

“ஒங்க அத்தைக்குப் படையல் இனி மகன் வீட்டுலதான செல்வி. முறுக்க நீதான் சுடணும். கடை முறுக்கு அவுகளுக்கு ஆகாது.”

அதுதானே முறை என்று அவளுடைய அம்மாவே தலையாட்டினார். சீராக வந்ததை, அதுவும் பேர் வெட்டியதை, எந்தப் பாத்திரக்காரரிடம் போடுவாள்? அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அன்று சோறு கூடுதலாக இறங்கியது.

புறப்படும்போது தம்பி வாசல்வரை வந்தான். “அம்மா இருந்தா இப்பிடிச் செய்வியாக்கா?” என்று கேட்டான். நீ இருந்தால் குழலும் இருந்திருக்கும். அப்படியே பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில்தான் அழுகை வந்தது. நீ அவன் பக்கம்தான் பேசுவாய், இல்லையா?

வருகிற தீபாவளிக்கு விடியும் முன்பே போய் அவள் அடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன். மரை சிக்கட்டும், தட்டு கழலட்டும், ஒரு கை கொடுக்க மாட்டேன். கோணல்மாணலாக, கல்லு மாதிரி என்ன வருகிறதோ அதைத்தான் உன் படத்துக்கு முன்னால் வைப்பேன். பக்குவத்தை எனக்குச் சொல்லாமல் போனவள் நீதானே. நீயும் கடித்துப் பார்.

உன் மூத்த மகள்,
முத்துமாரி