ஒன்பதாம் நம்பர் மருந்து

11 ஜூன் 1936, வியாழன்

இன்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் பெரிய ரகளை. புத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, நான் மடித்துக் கொடுத்த தூளை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டாள். "ஊசி போடுற ஆஸ்பத்திரின்னு சொன்னாங்க. நீ இன்னாடான்னா பொட்டலம் கட்டிக்கினு கீறே" என்றாள். ஊசி குத்தினால்தான் வைத்தியம், மற்றதெல்லாம் ஏமாற்று என்று சித்தூர் ஜில்லா முழுக்க ஒரு நினைப்பு. தூளுக்கு ஒரு வேலை உண்டு, மிக்சருக்கு ஒரு வேலை உண்டு, களிம்புக்கு ஒன்று என்று எத்தனை பேருக்குத்தான் நான் பாடம் எடுப்பேன்? வீட்டில் புருஷன் ஒரு வாத்தியார் இருப்பது போதாதா!

எனக்கும் ஒரு பாட்டில் வந்திருக்கிறது. இங்கே வேலை செய்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே மருந்து கலந்துகொள்ளக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால் ஞானசௌந்தரி டாக்டரம்மாவே என் டானிக்கைக் கலக்கிறார்கள். இரும்புச்சத்து, நன்னாரிப் பாகு விட்டது. வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதப் பட்டியையும் அவர்களே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், கோணல்மாணலாக. பார்த்ததும் சிரிப்பு வந்தது. என் கல்யாணத்தில் அம்மா ஸ்தானத்தில் நின்றவர்கள். பெற்றவள் இருந்திருந்தால்கூட இவ்வளவு பார்ப்பாளா?

நாலாம் மாதம். முதலாவது ஏழாம் மாதத்தில் போனது. இரண்டாவது போன வருஷம் செத்தே பிறந்தது. இதையாவது கர்த்தர் என் கையில் கொடுக்கட்டும்.

13 ஜூன், சனி

அவர் திருப்பதிக்குப் போனார். அங்கே ஞாயிறு பள்ளிக்கு ஆள் இல்லையாம். மாதத்தில் பாதிச் சனி இப்படித்தான்.

17 ஜூன், புதன்

மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கண்ணிலும் தண்ணீர். முகத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்திருக்கிறது. வயிற்றில் பெண் குழந்தை, அதுதான் அம்மாவின் அழகைத் திருடுகிறது என்றார் அவர். வாயில் எந்நேரமும் செப்புக்காசை அடக்கி வைத்ததுபோல் ஒரு ருசி.

அவர் சட்டை மாற்றும்போது முழங்கை மடிப்பில் கன்றிப்போன புள்ளிகளைப் பார்த்தேன். கேட்டேன். மலேரியாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். ஒரு ஊசிக்கு ஒரு புள்ளிதானே இருக்கும்? போகட்டும், எனக்கு எல்லாவற்றிலும் ஒரு கேள்வி.

24 ஜூன், புதன்

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மிக்சர்களுக்குப் பெயர் சொல்வதில்லை, நம்பர்தான். ஒன்பதாம் நம்பர் என்றால் மேகநோய்க்கு, அதாவது சிபிலிசுக்கு. புருஷன் தனியாக வந்து டாக்டரம்மாவிடம் பேசுவான். பெண்சாதிக்கு 'ரத்த சுத்திக்கு' என்று ஒன்பதாம் நம்பர் போகும். என்ன வியாதி என்று அவளுக்குச் சொல்வதில்லை. குடும்பம் கலையக் கூடாதே என்று டாக்டரம்மா வகுத்த வழி.

இன்று பிச்சாட்டூர் ஜெயம்மா ஒன்பதாம் நம்பருக்கு மறுபடி வந்தாள். "இந்த மருந்து துன்ன ஆரம்பிச்சதிலிருந்து மூக்கு ஒழுகிக்கினே கீது. மூஞ்சி பூரா கொப்புளம். நாக்கெல்லாம் செப்பு நாத்தம்" என்று அழுதாள்.

"பயப்படாதே. அந்த உப்பு அப்படித்தான் செய்யும். பால் கலந்து குடி" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நீயும் இதைத்தான் துன்றியா, கம்பவுண்டரம்மா?"

ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

இரும்பு சாப்பிட்டால் வெளிக்குக் கறுத்துப் போகவேண்டும். எனக்குப் போகவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிறவள் எனக்கு ஏன் கேட்டுக்கொள்ளவில்லை? அம்மா கையால் கலந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தேனே!

25 ஜூன், வியாழன்

ஒன்பதாம் நம்பரில் இருக்கும் அயோடைடு உப்பைக் கண்டுபிடிக்க, மதராசில் கம்பவுண்டர் படிக்கும்போது ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார்கள்; அது இருந்தால் கஞ்சி நீலமாகும். காலையில் வடித்த கஞ்சியின் தெளிவை எடுத்து, என் டானிக்கைத் தண்ணீர் விட்டு அதில் ஊற்றி, ஒரு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டேன். நீலமாகிவிட்டது.

இன்னொரு முறை செய்தேன். மறுபடி நீலம்.

சாயங்காலம் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உட்கார்ந்ததும் கிண்ணத்தை எதிரில் வைத்தேன். "இது இன்னா?" என்றார். சொன்னேன். முகம் வெளுத்துப்போய்விட்டது. அதற்கு மேல் அவர் எதையும் மறைக்கவில்லை. அதையும் எழுத வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால், வாத்தியார் டிரெயினிங்கில் இருந்தபோதாம். "ஒரே ஒரு தடவை, யூனிஸ்."

"எத்தினி தடவைன்னு நான் கேக்கல. எப்போ தெரியும்?"

"மொதல் கொழந்தை போனப்ப. டாக்டரம்மா ரெண்டு பேர் ரத்தத்தையும் அனுப்பிப் பாத்தாங்க." என் ரத்தத்தைச் சோகைக்கு என்று சொல்லி எடுத்தார்கள்.

"அப்ப திருப்பதி?"

"ஊசிக்குத்தான்."

"உங்களுக்கு நரம்புல ஊசி. எனக்கு வாயில நன்னாரித் தண்ணியா?"

அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. போன வருஷம் செத்துப் பிறந்த பையனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறக்கும்போதே அவன் உள்ளங்காலில் தோல் உரிந்திருந்தது, இந்த வியாதியின் அடையாளம். நான் பார்த்தேன், கேட்டேன். டாக்டரம்மா அவனைத் துணியால் மூடி, 'கர்த்தருடைய சித்தம்' என்றார்கள். இவர் என் தலைமாட்டில் நின்று ஆமென் சொன்னார். இரண்டு பேருக்கும் தெரியும்! இரண்டு பேரும் தெரிந்துகொண்டே என்னை ஜெபிக்க வைத்தார்கள்.

26 ஜூன், வெள்ளி

டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். "உக்காரு" என்றார்கள். நான் உட்காரவில்லை.

"ஊசிதானே சரியான மருந்து? ஏம்மா போடல?"

"போட்டா எதுக்குன்னு கேப்பே. நீ கம்பவுண்டர். குப்பியப் பாத்தாலே ஒனக்குத் தெரிஞ்சிடும்."

"அதனால?"

"வாய்வழியாக் குடுத்தாலும் போய்ச் சேரும்னு நம்பினேன், யூனிஸ். ஒன் குடும்பம் ஒடையக் கூடாதுன்னு பாத்தேன்."

"எம் பையன்?"

மேஜை மேலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்கள், துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர் செய்தது ஆண்பிள்ளை செய்த துரோகம். உலகத்தில் நடப்பதுதான் என்று எவளாவது வந்து ஆறுதல் சொல்லிவிடுவாள். டாக்டரம்மா செய்ததற்கு என்ன ஆறுதல்? எந்த மருந்து என்று பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். எந்த வழியாகப் போனால் பிள்ளை பிழைக்கும் என்று பார்க்கவில்லை. எந்த வழியாகப் போனால் நான் வாய் திறக்க மாட்டேன் என்று பார்த்திருக்கிறார்கள்.

28 ஜூன், ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்து டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார்கள். இப்போது ஆரம்பித்தால்கூடக் குழந்தை நன்றாகப் பிறக்க வழி இருக்கிறதாம். பிரசவம் வரைக்கும் வாராவாரம் ஊசி. நரம்பில் ஒன்று, இடுப்புச் சதையில் ஒன்று. "நானே சாயங்காலத்துல வீட்டுக்கு வந்து போட்டுட்டுப் போறேன். ஒரு ஈ காக்காக்குத் தெரியாது."

"வேணாம். புதன்கெழமை பெஞ்சில வந்து உக்காந்துக்கறேன்."

புதன்கிழமை பெஞ்சு மேகநோய் ஊசிக்கு என்று சித்தூரில் எல்லாருக்கும் தெரியும். இவர் எழுந்துவிட்டார். "யூனிஸ், என் வேலை போயிடும். சபையில தலை காட்ட முடியாது."

"அதை எங்கிட்ட சொல்றீங்களா?" என்றேன்.

மறைத்து மறைத்துத்தானே பையன் போனான். இதை மறைத்துப் பெற மாட்டேன். என்னால் ஆகாது.

1 ஜூலை, புதன்

போனேன். உட்கார்ந்தேன். பெஞ்சிலிருந்தவர்கள் முதலில் நான் சீட்டு கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்தார்கள். "ஊசிக்கு வந்திருக்கேன்" என்றதும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

நரம்பு தவறி வெளியே போனால் கை வெந்து புண்ணாகிவிடும், அப்படிப்பட்ட மருந்து. நான் என் கையை நானே அழுத்திப் பிடித்து, "மெதுவாப் போடுங்க" என்றேன். மருந்து ஏற ஏறத் தொண்டையில் பூண்டு வாசம் வந்தது. எத்தனை பேர் ஜன்னலில் சொல்லியிருக்கிறார்கள்! கற்பனை என்று நினைத்திருந்தேன்.

12 ஜூலை

வியாதி யாரால் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் வந்தால் மட்டும் பெண்கள் குழந்தைகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். பாதிரியார் சம்சாரம் என் கையால் மருந்து வாங்காமல் ஆயாவை அனுப்புகிறாள். அவர் இன்றைக்கும் ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்!

3 ஆகஸ்டு

கடைசியில் அவரையும் ஞாயிறு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சூளூர்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். கூட வருகிறாயா என்று கேட்டார். அங்கே ஊசி போட யார் இருக்கிறார்கள்? அது மட்டும் காரணம் என்று பொய் சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. நான் நர்ஸ்கள் குடியிருப்புக்கு வந்துவிட்டேன்.

16 செப்டம்பர், புதன்

உட்கார முடியவில்லை, இடுப்பு கல்லாகிவிட்டது. ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. குழந்தை அசைகிறதா, அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே மருந்து நிறுக்கிறேன்.

டாக்டரம்மா ஊசி போடும்போது, "என்னை மன்னிக்க மாட்டியா?" என்றார்கள். மன்னிக்கச் சொல்லித்தான் வேதம் சொல்கிறது. ஊசி போடுகிற கையிடம் என்ன சொல்ல?

30 நவம்பர், திங்கள்

பெண். அழுதாள். உள்ளங்காலைத்தான் முதலில் காட்டச் சொன்னேன். நன்றாக இருக்கிறது.

10 பிப்ரவரி 1937, புதன்

மறுபடி ஜன்னலில் உட்கார ஆரம்பித்துவிட்டேன். குழந்தையைப் பக்கத்தில் கூடையில் போட்டுக்கொள்கிறேன்.

இன்று நகரியிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி. முதலில் அவன் மட்டும் உள்ளே போய் வெகுநேரம் பேசினான். சட்டைக்கையை இறக்கிவிட்டபடி வெளியே வந்தான். பிறகு இவள் என்னிடம் சீட்டோடு வந்தாள். ஒன்பதாம் நம்பர், ரத்த சுத்திக்கு. வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும். டாக்டரம்மா இன்னும் அதே வழியில்தான் போகிறார்கள். என்னைப் பார்த்தும் மாறவில்லை.

நான் பாட்டிலை எடுக்கவில்லை. இது என்ன மருந்து, எந்த வியாதிக்கு, எப்படி வந்திருக்கும், வாயில் குடித்தால் போதுமா போதாதா, எல்லாவற்றையும் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. உள் அறையில் டாக்டரம்மா இருமுவது கேட்டது. வெளியே வரவில்லை.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கூடையைப் பார்த்தாள்.

"இது உன்னுதா?"

"ஆமா."

"உனக்கும் இதேதானா? கொழந்த நல்லா கீதா?"

"நல்லா கீது. நான் ஊசி போட்டுக்கினேன்."

"இதோட நைனா எங்க?"

"சூளூர்பேட்டையில. சனிக்கெழமை ரயிலேறி வருவார். வராந்தாவுல உக்காந்து கொழந்தைய மடியில வச்சிக்கினு இருப்பார். போயிடுவார்."

"உள்ள கூப்பிட மாட்டியா?"

"இன்னும் மனசு வரல."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "மருந்து வாங்கிட்டியா, போலாமா?" என்று புருஷன் எழுந்தான். அவனைத் தாண்டிப் போய், டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தள்ளினாள்.

"அவருக்குப் போட்ட ஊசிய எனக்கும் போடு" என்றாள்.