மணி வேலை செய்யாது, தட்டவும்

பிப்ரவரி 3

வருஷா வருஷம் வரும் மின்னஞ்சல் வந்துவிட்டது. "உங்கள் டொமைன் பதிவில் உள்ள பெயர், விலாசம், தொலைபேசி எண் சரிதானா என்று பார்த்து உறுதி செய்யவும்." எப்போதும் படிக்காமலேயே 'சரி' என்று அமுக்கிவிடுவேன். இன்று கை நின்றது. ஏப்ரல் கடைசியில் எனக்கு ஓய்வு. அலுவலகக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அலுவலகம் கொடுத்த கைபேசியையும் எண்ணோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். அலுவலக மின்னஞ்சலும் அதோடு நின்றுவிடும்.

தபால் துறையில், திரும்பிய கடிதப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இப்போது சொந்த விலாசம் ஒரு பிரச்சினை!

இன்று மேஜைக்கு வந்ததில் ஒன்று: "தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தையல் மெஷின் சத்தம் கேட்கும் வீட்டுக்கு எதிர்வீடு, கோபக்கார அண்ணனுக்கு." பெயர் இல்லை, தெரு இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் கண்டுபிடித்துவிட்டேன்.

பிப்ரவரி 6

அந்த டொமைன், அதாவது இணையதளப் பெயர், மகள் பள்ளியில் படிக்கும்போது எனக்காக எடுத்தது. இந்த மாதிரி வேடிக்கை விலாசங்களை, ஆள் தெரியாதபடி மாற்றி, நான் சொல்லச் சொல்ல அவள் ஏற்றுவாள். பதினோரு வருஷமாக அந்தப் பக்கம் சும்மா கிடக்கிறது. ஆனாலும் நான் அதை விடவில்லை.

பதிவு செய்த அன்று அவள் கத்தியது நினைவிருக்கிறது. "அம்மா, இங்க வா! இந்தப் பேரு யாருதுன்னு தேடினா உன் பேரு வருது, நம்ம வீட்டு விலாசம் வருது. உலகத்துல யாரு தேடினாலும் வரும்!" அவ்வளவு பெருமை. எப்படித் தேடுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் அவளையே பிடித்தேன்.

பிப்ரவரி 7

எழுதிவிட வேண்டியதுதான். நேற்று பாதியில் மூடிவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், தம்பி பேசி முடித்த சம்பந்தம் வேண்டாம் என்று அவள் வீட்டை விட்டுப் போனாள். எங்கே என்று சொல்லவில்லை. கையால் தைத்த நோட்டுப் புத்தகம் விற்க ஒரு தளம் வைத்திருக்கிறாள் என்று மட்டும் தெரிய வந்தது. அதன் பதிவைத் தேடினேன். கதவு எண், மாடி, தெரு, அஞ்சல் குறியீடு, ஒன்று விடாமல் இருந்தது. விலாசம் என்றால் முழுதாக எழுத வேண்டும் என்று வளர்த்தவள் நான்தானே.

தம்பியிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் போனோம். அவன் நாற்பது நிமிஷம் கதவை இடித்தான். சொல்லக் கூடாததெல்லாம் சொன்னான். மாடி முழுக்க ஆள் கூடிவிட்டது. அவள் திறக்கவே இல்லை.

நான் இடிக்கவில்லை. கீழே படியில் நின்றேன். நிறுத்துடா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதுக்குடி நின்ன அங்க? பெத்தவதானே நீ?

அந்த மாதமே வீட்டுக்காரர் அவளைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

பிப்ரவரி 8

இன்று அவள் தளத்தின் பதிவை மறுபடி தேடினேன். "விவரங்கள் மறைக்கப்பட்டுள்ளன." அதன் கீழே தலைகால் புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு எழுதினால் உரியவருக்குப் போய்ச் சேருமாம். எங்கள் பிரிவின் வேலைதான், ஆனால் நாங்கள் உறையைப் பிரித்துப் பார்ப்போம், இது பார்க்காது.

பிப்ரவரி 11

பக்கத்து மேஜைக்காரிக்குக் கண்ணாடி என்று பெயர். ஒன்று மூக்கில், ஒன்று தலையில். அவளிடம் மட்டும்தான் இதெல்லாம் பேசுவேன். இன்று சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: "இதுக்கு ஏன் மண்டையை உடைச்சுக்கிற? என் பேர்ல ஒரு நோட்டு ஆர்டர் போடு. பார்சல் வந்தா அனுப்புநர் விலாசம் இருக்கும்ல?"

தப்பு என்று சொன்னேன்.

பிப்ரவரி 12

ஆர்டர் போட்டாயிற்று.

பிப்ரவரி 20

பார்சல் வந்தது. என் பெண் கெட்டிக்காரி. அனுப்புநர் இடத்தில் வெறும் தபால் பெட்டி எண். "போச்சு போ" என்றாள் கண்ணாடி.

போகவில்லை. நீல மை முத்திரை, வலது ஓரத்தில் பல் போன மாதிரி ஒரு உடைசல். அந்த உடைசல் எந்தக் கிளை அலுவலகத்தின் முத்திரையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கிளைக்கு உட்பட்டது மூன்றே தெரு. பெட்டிக்கு அவள் எத்தனை மணிக்கு வருவாள் என்று அங்கே இருக்கும் தபால்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இரண்டு நிமிஷம் பிடித்திருக்கும் எனக்கு. சந்தோஷமாக இருந்தது. அதுதான் அசிங்கம். கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் துள்ளினேன், கோபக்கார அண்ணனைக் கண்டுபிடித்த மாதிரி.

நோட்டு நன்றாக இருக்கிறது. தையல் நேராக இருக்கிறது. அதில் எழுத எனக்குத் தகுதி இல்லை, அலமாரியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21

தம்பி வந்திருந்தான். காப்பியைக் கையில் வாங்கும் முன்பே, "ஏதாவது தகவல் தெரிஞ்சுதாக்கா?"

"இல்லடா."

"உன் வேலையே அதானே. உன்னால முடியாதா?"

"முடியல."

முப்பத்தொரு வருஷத்தில் முடியவில்லை என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் பொய்.

பிப்ரவரி 24

அந்தத் தலைகால் இல்லாத முகவரிக்கு என் அலுவலக மின்னஞ்சலிலிருந்து எழுதினேன். ஏழு தடவை அடித்துத் திருத்தி, கடைசியில் நாலு வரி. நோட்டு வாங்கியது நான்தான். முத்திரையைப் பார்த்து இடம் தெரிந்துவிட்டது. மாமாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், நானும் வர மாட்டேன். அன்றைக்குப் படியில் நின்றது தப்பு.

சொல்லாமல் இருந்திருக்கலாமோ? பயந்துவிடுவாளோ? ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாமல் இருப்பது இன்னும் மோசம் இல்லையா?

மார்ச் 1

பதில் வந்தது.

"அம்மா, இந்த முகவரிக்கு இனிமேல் எழுதாதே. என்னை இன்னொரு தடவை வீடு மாற வைக்காதே. எனக்குத் தோன்றினால் நானே எழுதுவேன்."

'அம்மா' என்று போட்டிருக்கிறாள்.

மார்ச் 19

பூட்டுவதற்குச் சாவியைத் திருப்பும்போதுதான் உறைத்தது. எழுதுவேன் என்கிறாள். எங்கே எழுதுவாள்? அவளுக்குத் தெரிந்தது இந்தக் குடியிருப்பும் இந்தக் கைபேசி எண்ணும் அலுவலக மின்னஞ்சலும்தான். ஏப்ரலுக்குப் பிறகு மூன்றும் எனதில்லை. அவள் எழுதும் கடிதம் 'இந்த விலாசத்தில் இல்லை' என்று என் மேஜைக்கே வரும், அங்கே நான் இருக்க மாட்டேன். மாமாவிடம் அவள் செத்தாலும் கேட்க மாட்டாள்.

புது விலாசத்தைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் எழுதாதே என்று சொல்லிவிட்டாள். அந்த ஒன்றையாவது நான் கேட்க வேண்டாமா?

ஏப்ரல் 6

வீடு கிடைத்துவிட்டது. சின்னது, மாடியில், பின்வாசல் வழியாகப் படி. அழைப்பு மணி வேலை செய்யவில்லை. வீட்டுக்காரர், "பாத்துக்கலாம்மா" என்றார். அப்படிச் சொன்னால் ஆகாது என்று அர்த்தம்.

ஏப்ரல் 17

இத்தனை நாள் எங்கே போயிற்று புத்தி? அந்த மின்னஞ்சல்! 'விவரங்கள் சரிதானா?'

பக்கத்தைத் திறந்து, மகளே என் புது விலாசம் இதோ என்று கொட்டை எழுத்தில் போடலாம். போட்டால் ஊரைக் கூட்டி அவளை நெருக்குவது ஆகும். ஒரு தடவை ஊரைக் கூட்டியது போதாதா? பதிவில் மட்டும் இருந்தால் தேடுகிறவளுக்குத்தான் தெரியும். அவளுக்குத் தோன்றினால் தேடுவாள். தேடத் தெரியும், எனக்கே சொல்லித் தந்தவள்.

ஒரு சிக்கல். போன வருஷம் அந்தக் கம்பெனி எல்லார் பதிவையும் தானாகவே மறைத்துவிட்டதாம்.

ஏப்ரல் 20

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். பொறுமைசாலி மனிதர்.

"அம்மா, எல்லாரும் மறைக்கச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் தொறந்து விடச் சொல்றீங்க."

"தொறந்துடுங்க."

"கண்டவங்க போன் பண்ணுவாங்கம்மா. வீட்டுக்கே கூட வருவாங்க."

"தெரியும் தம்பி. வர்றவங்களைப் பத்தி எனக்கு நல்லாவே தெரியும்."

புது எண்ணைக் கொடுத்தேன். விலாசம் சொல்ல ஆரம்பித்தேன். "பச்சைக் கேட், பின்வாசல் படி, மாடி. மணி வேலை செய்யாது, தட்டவும்."

"அம்மா, இது விலாசம் போடுற இடம். மணியெல்லாம் எதுக்கு?"

"விலாசம்னா வந்து சேரணும்ல? போடுங்க."

போட்டார். சிரித்துக்கொண்டேதான் போட்டிருப்பார்.

ஏப்ரல் 30

வேலை முடிந்தது. கண்ணாடி அழுதாள், இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டு.

மே 9

இந்த வாரம் வந்த அழைப்புகள்: இணையதளம் வடிவமைத்துத் தருகிறோம் என்று எட்டு பேர். உங்கள் தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்று ஐந்து பேர். உங்கள் டொமைனை விற்கிறீர்களா என்று ஒருத்தர். ஒன்றையும் விடாமல் எடுக்கிறேன். போன் அடித்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். "ஹலோ, நிறுவன உரிமையாளர் மேடமா?" என்கிறார்கள். ஆமாம் அப்பா, மேடம்தான், சொல்லித் தொலை.

ஜூன் 14

இன்று ஒருத்தன் நேரிலேயே வந்துவிட்டான். பட்டப்பகல். படியில் கனமான காலடி, பிறகு கதவில் தட்டு. தட்டுவதைப் பார்த்தால் தெரிந்துவிட்டது, அவள் இல்லை. சங்கிலியைப் போட்டபடி இடுக்கில் பார்த்தேன். கழுத்தில் அட்டை, கையில் பை. என் முழுப் பெயரைச் சொன்னான். இணையதளம் அமைத்துத் தரும் ஆளாம். வேண்டாம் என்றேன். "ஒரு நிமிஷம் மேடம், உள்ள வந்து விளக்கிடறேன்." மறுபடி தட்டினான். மறுபடி. பிறகு போய்விட்டான்.

என்ன, இரண்டு நிமிஷம் இருக்குமா? கையிலிருந்த சொம்புத் தண்ணீர் புடவையெல்லாம் கொட்டியிருந்ததை அவன் போன பிறகுதான் பார்த்தேன். கெட்டவன்கூட இல்லை, பிழைப்புக்கு வந்தவன்.

எனக்கு இரண்டு நிமிஷம். அவளுக்கு நாற்பது. வெளியில் நின்றது யாரோ இல்லை, மாமா. கீழே படியில் அம்மா.

தெரிஞ்சுதாடி இப்ப? தெரிஞ்சுது.

ஜூன் 15

பதிவை மூடிவிடலாமா என்று இருக்கிறது. சங்கிலிக்கு மேல் ஒரு தாழ்ப்பாளும் போட்டேன். பதிவை மூடவில்லை.

ஜூலை 2

தம்பி கொதித்துப்போய் வந்தான். அவன் அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். "உன் பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் நெட்ல கெடக்குது, தெரியுமா?"

"தெரியும். நான்தான் போட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? தனியா இருக்கிற பொம்பளை. எவனாவது விலாசம் பாத்து வந்து கதவை இடிச்சா?"

அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "மணியையாவது சரி பண்ணிக்கோ" என்று முனகிவிட்டுப் படி இறங்கினான். காப்பியைக் குடிக்கவில்லை.

ஜூலை 28

இன்று அழைப்பே இல்லை. அதுவும் ஒரு மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 19

தபால்காரர் தட்டினார். "என்னம்மா, விலாசத்துல கதையே எழுதியிருக்காங்க" என்று சிரித்தபடி ஒரு தபால் அட்டையை நீட்டினார்.

என் பெயர். கீழே: பச்சைக் கேட், பின்வாசல் படி, மாடி. மணி வேலை செய்யாது, தட்டவும்.

அந்தக் கையெழுத்து. 'ட'வின் மூலையை அவள் எப்போதும் இப்படித்தான் உருட்டுவாள். இந்த விலாசம் இந்த வார்த்தைகளில் உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. தேடியிருக்கிறாள். என் பெண் என்னைத் தேடியிருக்கிறாள்.

முகப்பில் வலது மேல் மூலையில் தபால்தலை, அதன் மேல் முத்திரை. நீல மை என்பதுவரை கண்ணில் பட்டுவிட்டது. கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். அங்கேயே இருக்கிறாளா, மாறிவிட்டாளா? தெரிய வேண்டாம். மூடியபடியே மேஜைக்குப் போய், வெள்ளைக் காகிதத்தை வெட்டி அதன் மேல் ஒட்டினேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் படிக்காமல் விட்ட முத்திரை இது ஒன்றுதான். அனுப்புநர் விலாசம் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை.

பின்பக்கம் இரண்டு வரி.

"மணியைச் சரி செய். யார் என்று கேட்காமல் கதவைத் திறக்காதே."

அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு, அட்டையை அவள் தைத்த நோட்டுக்குள் வைத்தேன்.

ஆகஸ்ட் 21

வீட்டுக்காரரை நம்பாமல் மின்பணியாளரை நானே கூப்பிட்டேன். வயர் ஒன்று கழன்றிருந்ததாம், ஐந்து நிமிஷ வேலை. மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

அதே வாடிக்கையாளர் சேவை மனிதர்தான் போனை எடுத்தார். "சொல்லுங்கம்மா. மறைச்சுடலாமா?"

"இல்ல தம்பி, ஒரு சின்ன திருத்தம். தட்ட வேண்டாம், மணி அடிக்கவும்னு மாத்திடுங்க."