ஓடை ஏலத்துக்கு வருகிறது

பிளம் கிராசிங், நெப்ராஸ்கா
பிப்ரவரி 4, 1994

அன்புத் தம்பி டுவேனுக்கு,

அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி தணிந்திருக்கும். இங்கே பனி ஜன்னல்வரை நிற்கிறது. நீ ஊர் திரும்பும்வரை பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய், பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன். முதல் பக்கத்துக்கு நான் எழுதிய செய்தியை, அச்சகத்துக்குப் போன்போட்டு ஏன் எடுக்கச் சொன்னாய்?

நம் ஓடைக்கு மேலே பெரிய பன்றிப் பண்ணை வரப்போகிறது. அதன் கழிவுக் குட்டை ஓடையை ஒட்டியே இருக்கும். இருபத்து நான்காம் தேதி மாவட்ட வாரியம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. யாரும் எதிர்க்காவிட்டால் அன்றே அனுமதி. சட்டப்படி அறிவிப்பு வந்துவிட்டதாம். எங்கே? தலைநகரப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில், எறும்பு எழுத்தில். நம் ஊரில் அதை யார் வாங்குகிறார்கள்?

அடுத்த வியாழனுக்குள் பதில் வேண்டும்.

உன் அக்கா,
ஆர்லிஸ்


மேசா, அரிசோனா
பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. பத்திரிகையை விற்கப் பேசி முடித்துவிட்டேன். மாத முடிவில் கையெழுத்து. அதுவரை வம்பு வேண்டாம் என்கிறார்கள் வாங்குபவர்கள். வாரியத் தலைவர் மேர்லுடைய டிராக்டர் கடைதான் நம் பெரிய விளம்பரதாரர் என்பதும் உனக்குத் தெரியும்.

நீ போட்டிருந்தாலும் யார் வரப்போகிறார்கள்? அச்சடித்த தாளை இப்போது ஜன்னல் துடைக்கத்தான் எடுக்கிறார்கள். மார்ச்சில் என்ன வேண்டுமானாலும் எழுது.

அன்புடன்,
டுவேன்


பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

மார்ச்சில் எழுதினால் அதற்குப் பெயர் செய்தியல்ல, இரங்கல் குறிப்பு.

அச்சு என்றால் உன் வாரப் பத்திரிகை மட்டும் என்று நினைக்கிறாய். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். செய்தித்தாளை மனிதன் தேடிப் போகிறான். துண்டறிக்கை மனிதனைத் தேடி வருகிறது. வார இதழ் பல் வைத்தியர் வீட்டில் காத்திருக்கிறது. விதைக் கம்பெனியின் விலைப்பட்டியலை ஜனவரியில் படுக்கையில் வைத்துப் படிக்கிறோம், வாங்க அல்ல, கனவு காண. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு நேரம். எது யார் கைக்குப் போகும் என்று தெரிந்தால் போதும்.

நானும் முயன்று பார்த்தேன். சுவரொட்டியைக் காற்று கொண்டுபோனது. ஞாயிறு பூசைத் தாளில் பாதிரியார் ஒரு வரிதான் தந்தார், அதுவும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்குக் கீழே. ஐலீன் தன் உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் முழுச் செய்தியையும் போட இடம் தந்தாள். மறுநாள் போய்க் கேட்டேன், மேர்ல் படித்தாரா என்று.

“படிக்கவா? அதுமேலேயே முட்டைய வழிச்சுச் சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு டீச்சர். வழக்கமா வைக்கிற டிப்ஸையும் காணோம்.”

அப்படியென்றால் படித்திருக்கிறார்.

ஆனால் மற்றவர்கள்? நேற்றுத் தானியக் கிடங்கின் வாசலில் நின்றேன். காது உறையும் குளிரில் ஆறேழு பேர் பண்ணைச் சாமான் ஏல நோட்டீஸ்களை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் நகரவில்லை. எனக்கு வழி தெரிந்துவிட்டது. தேவாலயத்தில் இன்னும் ஒரு சைக்ளோஸ்டைல் எந்திரம் இருக்கிறது. மஞ்சள் தாளும் இருக்கிறது. ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்:

*ஏலம். பிளம் ஓடை. மீன்கள், கரையோர மரங்கள், கீழ்நிலக் கிணறுகள் உட்பட. விற்பவர்: மாவட்ட வாரியம். உரிமையாளர்களாகிய உங்களைக் கேட்கவில்லை. பிப்ரவரி 24, காலை பத்து மணி, நீதிமன்றக் கட்டடம். தேவாலயப் பெண்களின் மதிய உணவு உண்டு. மற்றும் பட்டியலிட முடியாத பல பொருட்கள்.*

அடியில் என் பெயரும் போன் எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. உன் எந்திரத்தையும் உன் தாளையும் நான் தொடவில்லை.

அக்கா


பிப்ரவரி 19

ஆர்லிஸ்,

மேர்ல் போனில் கத்துகிறார். வாங்குபவர்களும் கூப்பிட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு இல்லை இது. நோட்டீஸ்களையெல்லாம் கிழித்தெடு. இல்லையென்றால் அலுவலகச் சாவியை ஐலீனிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள். அக்கா என்பதற்காக எவ்வளவுதான் பொறுப்பது?

டுவேன்


பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

சாவி ஐலீனிடம் இருக்கிறது. நோட்டீஸ்கள் ஒட்டிய கம்பங்களிலேயே இருக்கின்றன.

நேற்று நடந்ததை உனக்கு வேறு யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். நான் ஒரு தப்புச் செய்திருந்தேன். ஏல நோட்டீஸ் என்றால் ‘பட்டியலிட முடியாத பல பொருட்கள்’ என்ற கடைசி வரி இருக்குமே என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். நம் ஆட்கள் ஏலத்துக்கு வருவதே அந்த வரிக்காகத்தான் என்பது மறந்துபோயிற்று. காலை ஒன்பதுக்கே நீதிமன்றத்தைச் சுற்றி டிரக்குகள், பின்னால் காலி டிரெய்லர்கள். ஷெரீப்பே வெளியே வந்து போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். ஓடைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் எமில் டிவோராக் நேராக என்னிடம் வந்தான்.

“டீச்சர், ஓடை சரி. மத்த சாமான் எங்க? வைக்கோல் வாருற மிஷின் ஏதாவது வருதா?”

மிஷின் எதுவும் இல்லை, உன் கிணறுதான் வருகிறது என்றேன். அவன் நோட்டீஸை மறுபடி எடுத்துப் படித்தான். பெரும் திட்டு விழும் என்று நின்றேன். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மாடியேறினான். இவ்வளவு தூரம் வண்டியோட்டி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்களா? எல்லோரும் ஏறினார்கள்.

நாற்காலி போதவில்லை. மேர்ல், இது ஏமாற்று வேலை, வந்தவர்களுக்கு எதற்கு வந்தோம் என்றே தெரியாது என்றார். எமில் பின்சுவரிலிருந்து கேட்டான்:

“தெரியாமத்தான் வந்தோம், மேர்ல். எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நீ எங்க அச்சடிச்ச, அத மொதல்ல சொல்லு.”

அதோடு மற்றவர்களும் எழுந்தார்கள். பிற்பகல்வரை ஒவ்வொருவராகப் பேசினார்கள். கொலாச்சிப் பலகாரம் தீர்ந்து, பெண்கள் வீட்டுக்குப் போய் மறுபடி சுட்டு வந்தார்கள். கடைசியில் வாரியத்தின் மூவரில் இருவர் அனுமதி வேண்டாம் என்று கை தூக்கினார்கள். கம்பெனிக்காரர்கள் மேல்முறையீடு செய்வார்களாம். செய்யட்டும்.

இனி உன் பத்திரிகை. நீ விற்பதை நான் தடுக்கவில்லை, அது உன்னுடையது. ஆனால் படிக்கிறவர்களை நீ விற்க முடியாது, டுவேன். அவர்கள் விற்பனையோடு சேர்ந்து போகிற சாமான் அல்ல. வரும் வியாழன் முதல், தேவாலய எந்திரத்தில், இரு பக்கம் அச்சடித்த ஒற்றைத் தாள் வரும். ஐலீன் கடையிலும் தானியக் கிடங்கிலும் கிடைக்கும். மேர்லுக்கும் ஒன்று போகும்.

முதல் இதழ் தயார். ‘ஆசிரியருக்குக் கடிதம்’ பகுதி மட்டும் காலியாக இருக்கிறது. என்னைத் திட்டியே எழுது. ஒரு வரியும் எடுக்காமல் போடுகிறேன்.

என்றும் உன் அக்கா,
ஆர்லிஸ்