மூன்றாவது வரி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை போனது, பொய் எழுத வரவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லிப் பேர் வாங்கியவனுக்கு என்ன குறை.

போன மாதம் உன் தம்பி உனக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினானே, நினைவிருக்கிறதா? செத்துப்போய்விடலாம் போலிருக்கிறது என்று பதினாறு வயதுப் பையன் அண்ணனிடம் சொன்னான். நீ ஆறு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பினாய். உண்மையான பக்தி இருக்கிறவனுக்கு அப்படி நினைப்பே வராது என்றாய். நேற்றுத்தான் நானும் கேட்டேன், மேடையில் பேசுகிற அதே கணீர்க் குரல். அதற்குப் பிறகு பையன் பக்தியைக் கூட்டிக்கொண்டான், விடிவதற்கு முன்பே எழுந்து முழங்கால் போட்டான், ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா, தையல் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரியிடம் என் சின்னவனால் ஒரு தொல்லையும் இல்லை என்று பெருமையடித்தேன், அவள் பிள்ளை ஊர் சுற்றுவதைக் குத்தியும் காட்டினேன். இந்த வாயைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் மனதில் இருந்ததைக் கண்டுபிடித்தது பிரார்த்தனைக் கூடத்தில் மைக் பழுதுபார்க்கிறவர். நம்பிக்கை இல்லாத ஆள், அவரோடு சேராதே என்று நீ கண்டித்தாயே, அவரேதான். சனிக்கிழமைதோறும் தம்பி அவருக்கு ஒயர் சுற்றிக் கொடுப்பான். போன சனிக்கிழமை தன் சைக்கிள் சாவியை நீட்டி, இனி நீங்களே வச்சுக்குங்க என்றிருக்கிறான். டேய், சாகணும்னு தோணுதாடா என்று அவர் நேராகவே கேட்டுவிட்டார். நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆமாம் என்று அழுதானாம். அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார், டாக்டரிடமும் கூடவே வந்தார்.

டாக்டரம்மா கூடத்துக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை, நாலு பேரோடு சேர்ந்து பாடு, பட்டினி கிடந்து தனியாக உட்காராதே என்றார். ஒரு தாளைக் கொடுத்து, மறுபடி அந்த நினைப்பு வந்தால் சொல்வதற்கு மூன்று பேரை எழுது என்றார். முதல் வரியில் மைக் பழுதுபார்க்கிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவதில் அம்மா என்று எழுதினான், பாவம் பார்த்து எழுதியது, பெற்றவளுக்குத் தெரியாதா. மூன்றாவதில் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தான். அண்ணன் பேரை எழுதுடா என்றேன். வேணாம்மா, அண்ணன் கடவுள்கிட்ட பேசிட்டிருப்பாரு, நடுவுல நாம எதுக்கு என்றான். கோபமே இல்லாமல் சொன்னான், அந்த வரியைக் காலியாக விட்டுத் தாளை மடித்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மறுபடி டாக்டரிடம் போகிறோம், அதற்குள் போன் பண்ணு. சாப்பிட்டியாடா என்று கேள், எந்த மைக் கெட்டுப்போனது என்று கேள். அவன் பேசாவிட்டால் நீயும் சும்மா இரு, ஆனால் போனை வைத்துவிடாதே. உபதேசம் நாக்கு நுனிக்கு வந்தால் விழுங்கிவிடு. அது முடியாதென்றால் பண்ணவே பண்ணாதே, அந்த வரி காலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் மேல் பாசம் குறையவில்லை, மரியாதைதான் போய்விட்டது. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. தீர்க்காயுசாக இரு.

இந்த நிமிடம்வரை இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான,
அம்மா