கார்டினர் தெருவில் காலியான அறை

அன்பு மகள் டெலியாவுக்கு அப்பா சொல்லிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பெர்த் வெயிலில் வற்றிப் போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் நாயும் கூரையும் இந்த மழைக்கு இன்னும் தாக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும், தபாலாபீசிலிருந்து ஓய்வு பெற்ற ஹனோரா உட்கார்ந்து எழுதுகிறாள், எழுத்து அழகாக இருந்தால் அவளுக்கு நன்றி சொல், விஷயம் குத்தினால் என்னைத் திட்டு. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஜூன் மாதம் ஆபீஸ் வேலையாக டப்ளின் வருவதாகவும், அங்கே ஓர் இரவு அறைக்குக் கேட்கிற காசில் ஒரு கன்றுக்குட்டி வாங்கிவிடலாம் என்றும், நானும் அம்மாவும் ஒரு தடவை அங்கே மலிவாகத் தங்கினோமே, அது எந்த இடம் என்றும் கேட்டாய். கடைசியில் போனை வைக்கப் போகிற நேரத்தில் அப்படியே ஊருக்கு ஓர் எட்டு வந்துவிட்டுப் போகட்டுமா என்றாய். நான், உனக்கு எதுக்கும்மா வீண் அலைச்சல் என்றேன். நீ, சரிப்பா, அப்ப அடுத்த தடவை பாத்துக்கலாம் என்று வைத்துவிட்டாய். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதற்கு ரொம்ப சந்தோஷம். உன்னை நல்ல பிள்ளையாகத்தான் வளர்த்திருக்கிறோம். அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் விடுதி. டப்ளினில் விடுதி தேடுவதில் என்னைப் போல அனுபவசாலி இந்தக் கடற்கரையிலேயே கிடையாது.

தபால்காரர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, செத்தவர்கள் செய்திகூட ஊருக்கு வந்து சேராத வருஷம் அது, அதே வருஷம் செப்டம்பர் கடைசியில்தான் போப்பாண்டவர் அயர்லாந்துக்கு வந்தார், நீ தொட்டிலில் கிடந்தாய். அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி. டப்ளின் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை காலையில் அறுவை சிகிச்சை என்று தேதி கொடுத்திருந்தார்கள், காய்ச்சலோ களைப்போ தெரிந்தால் கத்தி வைக்க மாட்டோம், தேதி கிறிஸ்துமஸுக்கு அப்பால் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள். கட்டி அத்தனை நாள் பொறுமையாக இருக்குமா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போப்பாண்டவர் நம் பக்கத்துக் கால்வேக்கு வருகிறார், ரயிலும் பஸ்ஸும் முழுக்க அங்கே ஆள் ஏற்றத்தான் ஓடும் என்று தெரிந்ததால், நாங்கள் கெட்டிக்காரர்கள் அல்லவா, வெள்ளிக்கிழமையே டப்ளின் போய்விடலாம் என்று கிளம்பினோம். அவர் சனிக்கிழமை டப்ளினில் பூசை வைக்கிறார், பாதி நாடு அங்கேதான் வந்து குவியும் என்பது ரயிலில் ஏறிய பிறகுதான் எங்கள் மூளைக்கு எட்டியது. அவர் எங்களைப் பார்க்க எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது நாங்கள் டப்ளினில் இல்லாத அறையைத் தேடிக்கொண்டிருக்க ஏற்பாடு செய்துகொண்ட குடும்பம் நாங்கள் ஒன்றுதான். உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனது நான், அம்மா, பெட்டி தூக்க உன் மாமன் கோல்மன், மூன்று பேர்.

கார்டினர் தெரு முழுக்க அந்தக் காலத்தில் தங்கும் வீடுகள்தான். சன்னலுக்குச் சன்னல் ஓர் அட்டை தொங்கியது. இடமில்லை என்று போட்டிருக்கிறது என்று அம்மா வாசித்துச் சொன்னாள், அட்டையைக் கேட்டு எவன் போனான், ஆளைக் கேட்போம் என்று நான் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒரு வீட்டில் குளியல் தொட்டிக்குள் மெத்தை போட்டு ஒரு கன்னியாஸ்திரீயைப் படுக்க வைத்திருந்தார்களாம். இன்னொருவன் மாடிப்படிக்குக் கீழே நிலக்கரி கொட்டுகிற பொந்தைக் காட்டி, இன்றைக்கு மட்டும் இந்த விலை என்று ஒரு விலை சொன்னான், நாளைக்கு அங்கே நிலக்கரிக்கும் அதே வாடகையா என்று கோல்மன் கேட்டதும் கதவு மூடிவிட்டது. அம்மாவுக்கு நெற்றி சுட ஆரம்பித்திருந்தது. கம்பி வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

தெருவின் மேல்கோடியில் திருமதி டெம்ப்ஸி என்று ஒரு விதவையம்மா. கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்ததும், கார்க் ஊரிலிருந்து வருவதாக இருந்தவர்கள் வரவில்லை, இப்போதுதான் ஓர் அறை காலி, விலை எப்போதும் வாங்குகிற விலைதான், எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். கடவுளே இறங்கி வந்து கேட்ட மாதிரி கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "ஐயோ வேண்டாம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம், நாங்க வேற எங்கயாச்சும் பாத்துக்கறோம்." நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் இன்னொரு தரம் கூப்பிட வேண்டும், நான் இன்னொரு தரம் மறுக்க வேண்டும், மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், அப்புறம்தான் மனுஷன் வாசற்படி தாண்டலாம். நான் உன் அம்மாவைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட அவள் மூன்றாம் தரம்தான் தலையாட்டினாள். டப்ளின்காரி அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இல்லை. "சரி, உங்க இஷ்டம்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

நாங்கள் நகரவில்லை. மறுபடி கேட்பாள் என்று மூன்று பேரும் மூடின கதவைப் பார்த்து மரியாதையாக நின்றோம். கோல்மன், "இரு மச்சான், இப்ப வருவா" என்றான். வந்தது அவளில்லை, ஆன்ட்ரிமிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும். வடக்கத்திக்காரர்கள், அவர்களுக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. கதவைத் தட்டினான், அறை இருக்கா என்றான், இருக்கு என்றாள், குடு என்றான், உள்ளே போய்விட்டான். நாம் ஒரு கப் தேநீருக்கு மறுப்புச் சொல்லி முடிக்கிற நேரத்தில் அந்த ஆள் காலணியைக் கழற்றிக் கட்டிலில் நீட்டியிருப்பான்.

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கதவைச் சாத்த வந்த திருமதி டெம்ப்ஸி அவளைப் பார்த்துவிட்டு, ஒரு வாய் தேநீராவது குடிக்கிறாயா என்றாள். நான் வழக்கம் போல வேண்டாம் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் காலில் ஓர் உதை விட்டுவிட்டுச் சொன்னாள். "குடிக்கிறேன். அப்புறம் நீங்க படுக்கற கட்டில்ல பாதி எனக்கு வேணும். திங்கக்கிழமை எனக்கு ஆபரேஷன்." நம் பக்கத்துப் பெண் ஒருத்தி முதல் தரம் கேட்டதற்கே ஆமாம் சொல்லி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், கோல்மன் வெட்கத்தில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். டெம்ப்ஸியம்மா அவளைக் கைபிடித்து எழுப்பினாள். "இத முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? உன் வீட்டுக்காரன் என்ன, பிடிவாதக்காரனா, இல்ல காதுதான் கேக்காதா?" என்றாள். அம்மா, ரெண்டும்தான் என்றாள்.

அப்படித்தான் தங்கினோம். பெண்கள் கட்டிலில், நாங்கள் இருவரும் அடுப்படித் தரையில், கோல்மனின் குறட்டைக்குத் தனியாக வாடகை வாங்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் தெருவே காலி, எல்லோரும் ஃபீனிக்ஸ் பூங்காவுக்குப் பூசைக்குப் போய்விட்டார்கள், நேற்று ஒரு பொந்துகூடக் கிடைக்காத ஊரில் அன்று பகலெல்லாம் எந்த வீட்டிலும் எந்தக் கட்டிலிலும் ஆளில்லை. ஆன்ட்ரிம்காரன் கட்டிலில் டெம்ப்ஸியம்மா அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தாள், அடித்துப் போட்ட மாதிரி மாலை வரை தூங்கினாள், காய்ச்சல் இறங்கியது. திங்கட்கிழமை டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக ஓய்வெடுத்திருக்கிறீர்களே, எந்த ஓட்டல் என்று கேட்டாராம். அதன் பிறகு அவள் எத்தனை வருஷம் என்னை உதைத்தாள் என்பது உனக்கே தெரியும்.

ஆக, டப்ளினில் மலிவான விடுதி எனக்குத் தெரியாது. டெம்ப்ஸி வீட்டை இடித்து என்னவோ கண்ணாடியில் கட்டியிருக்கிறார்களாம், அங்கேதான் நீ சொன்ன கன்றுக்குட்டி விலை கேட்கிறார்களோ என்னவோ. ஆற்றோரம் அறை எடுக்காதே, கடற்காக்கைகள் தூங்க விடாது, காலைச் சாப்பாடு சேர்த்தா என்று கேட்டுக்கொள். நீ அவ்வளவு தூரத்தில் இத்தனை வருஷம் இருந்து டெம்ப்ஸி மாதிரி ஆகிவிட்டாய், அது உன் தப்பில்லை, ஆனால் நீ மறுபடி கேட்பாய் என்று நான் அரைமணி நேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது எண்பத்தி ஒன்று, மூன்று தரம் கேட்க வைக்கிற வசதி இனி எனக்குக் கிடையாது. ஊருக்கு வரட்டுமா என்று கேட்டாய். வா. ஹனோரா பேனாவைத் தூக்கிக்கொண்டு, அவ்வளவுதானா, கூட ரெண்டு வார்த்தை போடட்டுமா என்கிறாள். வேண்டாம், அதுவே இருக்கட்டும். இந்த வேண்டாம் நிஜ வேண்டாம்.

பின் அறையில் கட்டில் இருக்கிறது, வாடகை இல்லை, காலைச் சாப்பாடு சேர்த்தி, குறைகளைச் சொல்ல வேண்டுமானால் நாயிடம் சொல்லலாம். ஜூன் மாதம்தானே என்று மெல்லிசுச் சட்டையோடு வந்து இறங்காதே, கம்பளி எடுத்துவா. கடவுளும் மாதாவும் உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கோல்மனைக் கடல் கொண்டுபோயிற்று, டெம்ப்ஸியம்மா ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள், அம்மாவை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அடக்கம் செய்தோம். அன்றைக்கு அந்த அடுப்படியில் தேநீர் குடித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது,

உன் அப்பா,
ஃபெஸ்டி கானிலி