இடது ஓரத்துப் படங்கள்

மார்ச் 3, செவ்வாய்

நூலகத்தில் வேலை முடிந்து வந்தால், தம்பியின் கட்டிலருகே வேறொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பெட்டி அதேதான், முகம் மாறிவிட்டது. "ஏதோ புதுசா வந்திருக்கு, போடட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னு அழுத்தினேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். சரின்னு அழுத்தினாராம்! அது யாருடைய வாய் என்று தெரியாதா இவருக்கு?

பக்கவாதம் வந்ததிலிருந்து, இரண்டு வருஷமாக, தம்பிக்குப் பேச்சு இல்லை. வலது கையில் இரண்டு விரல் அசையும். அதை வைத்துப் பந்து மவுஸை உருட்டித் திரையில் ஒரு படத்தை அழுத்துவான். "தண்ணி வேணும்", "திருப்பிப் படுக்க வை" என்று நான் பதிவு செய்த குரல் சொல்லும். விரல் உள்பக்கம், இடதுபுறமாக மட்டுமே இழுக்கும், வெளியே தள்ளத் தெம்பில்லை. அதனால் படங்களையெல்லாம் இடது ஓரத்தில் அடுக்கியிருந்தேன். மற்றதைத் திரையில் அதே ஓரத்தில் வரும் சின்ன விசைப்பலகையில் எழுத்தெழுத்தாகத் தட்டுவான்.

இப்போது படங்கள் கடுகளவு. விசைப்பலகையைக் காணவே காணோம்.

மார்ச் 4, புதன்

ரிப்பேர்காரர் வெளியூரில் இருக்கிறாராம். திங்கட்கிழமைதான் வருவாராம். "பழகிடும்மா, ரெண்டு நாள்ல பழகிடும்." யாருக்கு?

கீழே இடது மூலையில் இருந்த, எல்லாவற்றையும் திறக்கும் பொத்தான் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. என் கை பழைய இடத்துக்கே போகிறது. அங்கே அழுத்தினால் நாளைக்கு மழை வருமா என்று சொல்கிறது. வந்தால் எனக்கென்ன? எப்படியோ முட்டி மோதி, படங்களைப் பெரிதாக்கி, பழையபடி இடது ஓரத்தில் அடுக்கினேன்.

மார்ச் 5, வியாழன்

இரண்டு படம் நடுவில் நிற்கிறது. தானாக நகர்கிறது, சனியன். திரும்ப அடுக்கினேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்றைக்கு நான்கு.

"ஏங்க, நீங்க தொட்டீங்களா?"

"நான் அந்த ரூம் பக்கமே போகலம்மா."

பாவம், அன்றைக்கு வாங்கிய திட்டில் மனிதர் வாசலோடு நின்றுவிடுகிறார். "கஷ்டமா இருக்காடா?" என்று தம்பியைக் கேட்டேன். கண்ணை இரண்டு தடவை மூடினான். இரண்டு என்றால் இல்லை. என் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறான். எனக்குத் தெரியாதா அவனை?

மார்ச் 8, ஞாயிறு

அழுதுவிட்டேன். குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாப் படமும் நடுவுல! பாடுபட்டு அவனப் பேச வச்சேன். ஒரே அழுத்துல மறுபடியும் ஊமையாக்கிட்டாங்களே — யார்கிட்ட போய்ச் சண்டை போடுவேன்?

நான் அடுக்கும்போது தம்பி தொண்டையிலிருந்து உறுமினான். "எனக்கும் அப்படித்தான்டா இருக்கு" என்றேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான், அதன்பின் திறக்கவே இல்லை. மனசு விட்டுட்டானோ? எனக்கு அந்தப் பயம்தான். அவன் விட்டுவிட்டால் நான் என்ன செய்தும் பிரயோசனமில்லை.

மார்ச் 9, திங்கள்

ரிப்பேர்காரர் வந்து விசைப்பலகையை ஒரு நிமிஷத்தில் வரவழைத்துவிட்டார். படங்கள் நகர்வதைச் சொன்னேன். எதையெதையோ திறந்து பார்த்துவிட்டு, "அது தானா நகராதும்மா. யாராவது இழுத்து வச்சாத்தான் உண்டு" என்றார். இந்த வீட்டில் யார் இழுப்பார்கள், பேயா என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே பந்து உருளும் சத்தம் கேட்டது. தம்பி தட்டிக்கொண்டிருந்தான்.

"நகத்தினது நான். நீ கை வைக்காம இரு."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கை வலது பக்கம் போகுதாடா?"

ஒரு தடவை மூடினான். பிறகு மெல்ல மெல்லத் தட்டினான். "பொத்தான் நடுவுக்குப் போச்சு. கை எட்டுதான்னு பாத்தேன். எட்டுச்சு. தினமும் இழுத்துக் காட்டினேன். நீ பாத்தாத்தானே."

அவன் சொல்லச் சொல்ல அழித்துக்கொண்டிருந்தது நான்தான். ரிப்பேர்காரரைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன், கட்டியவரைத் திட்டினேன். ஒரு தடவை அவன் விரலைப் பார்த்தேனா?

மார்ச் 14, சனி

படங்கள் எல்லாம் வலது பக்கம் போய்விட்டன. எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. தேடினேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் கிடந்தது — "எனக்கு ஒண்ணும் வேண்டாம்." இந்த இரண்டு வருஷத்தில் அவன் அதிகம் அழுத்தியது அதைத்தான்.

எடுத்துத் திரும்ப வைக்கப் போனேன். பிறகு மவுஸை விட்டுவிட்டேன்.