நான் நீக்கிய நிலநடுக்கம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

பையனுக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் பகுதியில் பூமி எப்போதெல்லாம் அசைந்தது என்று நான் தொகுத்த பட்டியலை நம்பித்தானே ஆற்றோரப் பள்ளிக்கூடத்துக்கு வரைபடம் போட்டாய்? அதில் தப்பு செய்திருக்கிறேன். இருநூறு வருடத்துக்கு முன், ஆற்றுக்கு வெகுதூரத்தில் வேறு ஊரில் இருந்த ஒரு மருத்துவர் தன் நாட்குறிப்பில் ஒன்பதாம் தேதி வீடு ஆடியது என்று எழுதியிருக்கிறார். பத்திரிகையில் அதே மாதம் இருபதாம் தேதி என்று இருந்தது. செய்தி தாமதமாக வந்திருக்கும், இரண்டும் ஒன்றுதான் என்று பின்னதை நீக்கினேன். போன வாரம் பழைய சிறைச்சாலைப் பதிவேடு கைக்கு வந்தது. இருபதாம் தேதி காலையில் மதில் இடிந்து, கைதிகளை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மதில் இருந்தது ஆற்றோரமாகப் பூமிக்கடியில் ஓடும் பிளவின் மேலேயே. உன் பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கிற தூரம்.

தூண்களில் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியை எவ்வளவு இடைவெளியில் கட்டச் சொன்னாய்? நெருக்கமாக இருந்தால்தானே ஆட்டத்தைத் தாங்கும்?

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பையன் தேறிவிட்டான், இப்போது வீடு ரெண்டுபடுகிறது.

இரண்டு தளம் எழும்பிவிட்டது. நீ கேட்டதை மேஸ்திரியிடம் சொன்னேன். “இங்க லாரி போனாத்தான் சார் தரை ஆடும்” என்று சிரித்தார். கம்பி தள்ளித் தள்ளித்தான் கட்டியிருக்கிறோம். ஆற்றோரம் ஆடியதே இல்லை என்றுதானே உன் பட்டியல் சொன்னது?

இப்போது திருத்தம் போனால் வேலையை நிறுத்துவார்கள், விசாரணை வைப்பார்கள். தப்பு உன்னுடையது, மாட்டிக்கொள்வது நான். பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இருநூறு வருடம் சும்மா இருந்த பூமி ஜூன் வரை இருக்காதா? திறப்புவிழா முடிந்ததும் அனுப்பு. இதுவரை உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டதில்லை என்று கூசாமல் எழுதுகிறாய். ஆறாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைக் கேட்டாய், கொடுத்தேன். மாட்டியதும் நான்தான்.

இதைக் கொடுக்க முடியவில்லை. விழா முடிந்தால் அங்கே நானூறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது கட்டடம் காலி. தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டி மறுபடி கான்கிரீட் போட்டால் போதும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

திருத்தத்தை நேற்றே உன் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பிழை என்னுடையது, பொறியாளர் மேல் குற்றமில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

அக்கா

ஏப்ரல் 21

நிலநடுக்கப் பட்டியல் தொகுப்பாளர் அவர்களுக்கு,

அம்மையீர்,

தங்கள் மார்ச் 13 தேதியிட்ட திருத்தம் கிடைக்கப்பெற்றது. பள்ளிக் கட்டடப் பணி நிறுத்தப்பட்டு, தூண்கள் நாற்பத்தெட்டும் வலுப்படுத்தப்படுகின்றன. பொறுப்பிலிருந்து நான் விடுவிக்கப்பட்டுள்ளேன். ஒப்படைப்புக்கு முன் என் கையொப்பத்தில் செல்லும் கடைசிக் கடிதம் இது.

இனித் தாங்கள் எழுத வேண்டியவற்றை அலுவலக முகவரிக்கு மட்டும் அனுப்பவும். என் வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
பொறியாளர்